காணாமல் போன ‘ஷல்’லைத் தேடுவது எப்படி?

எஸ்எஸ்டி டிரைவுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைச் சோதிப்பது என் வேலை. கணினியும் எஸ்எஸ்டியும் பேசிக்கொள்ளும் விதிகளான என்விஎம்இ தரநிலையின் புதிய ரிவிஷன் வந்தால், மாற்றப் பட்டியலை நான் கடைசியில்தான் திறப்பேன். தெரிந்து செய்த மாற்றங்கள்தான் அதில் இருக்கும். தெரியாமல் நுழைந்தவற்றை நாமேதான் தேட வேண்டும்.

பழையது, புதியது இரண்டு பிடிஎஃப்பையும் வெறும் எழுத்தாக மாற்றி, வரிக்கு ஒரு வாக்கியமாக உடையுங்கள். அட்டவணைக் கட்டங்களில் வாக்கியம் பாதியில் முறிந்திருக்கும், கையால் ஒட்டுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் சோம்பல் படாதீர்கள். அப்புறம் கட்டாயத்தைக் குறிக்கும் ‘ஷல்’ (shall) என்ற சொல் வரும் வரிகளை மட்டும் எடுத்து, பழையதையும் புதியதையும் ஜோடி சேருங்கள். பிடிஎஃப்களை நேரடியாக ஒப்பிடுவது உதவாது. 2021-ல் 2.0 வந்தபோது ஒரே ஆவணமாக இருந்தது அடிப்படை, கட்டளைத் தொகுதிகள், டிரான்ஸ்போர்ட் என்று பல ஆவணங்களாகப் பிரிந்தது. ஒப்பீட்டுக் கருவியில் பக்கம் முழுக்கச் சிவப்பாகத்தான் தெரியும்.

ஜோடி கிடைக்காத வரிகளில், ‘ஷல்’ எங்காவது ‘ஷுட்’ (should, பரிந்துரை) அல்லது ‘மே’ (may, விருப்பம்) ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது சுலபம். ஜோடி கிடைத்த வரிகள்தான் ஆபத்து. ஒரு விருப்ப வசதிக்கான தலைப்பின் கீழ் இருந்த பத்தியைப் பொது அத்தியாயத்துக்கு நகர்த்துவார்கள். ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. ஆனால் ‘இந்த வசதி இருந்தால்’ என்ற நிபந்தனை பழைய தலைப்போடு தங்கிவிடும். நேற்றுவரை சில டிரைவ்களுக்கு மட்டும் இருந்த கட்டாயம் இன்று எல்லாருக்கும் வந்துவிடும். அதனால் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அதன் தலைப்பையும் எழுதி வையுங்கள்.

பிற்காலத்துக்கென ஒதுக்கிவைத்த ‘ரிசர்வ்ட்’ பிட்டுகளையும் விடாதீர்கள். டிரைவிடம் விவரம் கேட்கும் ஐடென்டிஃபை கட்டளையில், எந்த விவரம் வேண்டும் என்று சொல்லும் சிஎன்எஸ் புலம் 1.0-ல் ஒரே பிட். 1.1-ல் பக்கத்து ரிசர்வ்ட் பிட்டும் சேர்ந்து இரண்டு பிட் ஆனது. மதிப்பு 2 என்றால் நேம்ஸ்பேஸ் (டிரைவில் உள்ள சேமிப்புப் பகுதி) எண்களின் பட்டியல். முதல் பிட்டை மட்டும் பார்க்கும் பழைய கண்ட்ரோலருக்கு (டிரைவை இயக்கும் சிப்) 2 என்பது 0-தான். பட்டியலுக்குப் பதில் நேம்ஸ்பேஸ் விவரத்தை அனுப்பிவிடக்கூடும். அதன் முதல் எட்டு பைட், பிளாக் கணக்கில் நேம்ஸ்பேஸின் அளவு. 512 ஜிபி டிரைவ் என்றால் வழக்கமாக 1,000,215,216 பிளாக். கேட்ட கணினியோ அதை நேம்ஸ்பேஸ் எண் என்று நம்பும். அந்த எட்டில் மீதி நான்கு பைட் பூஜ்யம் என்பதால் பட்டியல் முறையாக முடிந்ததாகவே தோன்றும். பிழை என்று யாருமே சொல்ல மாட்டார்கள். சிஎன்எஸ்ஸில் 0, 1 தவிர வேறெதையும் சரியாகக் கையாளாத கண்ட்ரோலர்களுக்காகவே லினக்ஸ் கெர்னலில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது.

சரி, சந்தேக வரிகள் கையில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் பெற்ற மாற்ற முன்மொழிவு உண்டா என்று தேடுங்கள். இருந்தால் அது தெரிந்து செய்தது. இல்லையென்றால் இரண்டு வாக்கியங்களையும் பிரிவு எண்களோடு வைத்து, ‘இது வேண்டுமென்று செய்ததா?’ என்று தரநிலைக் குழுவிடம் கேளுங்கள். பதில் வரும்வரை அந்தச் சோதனையைத் தோல்வியாக்காமல் எச்சரிக்கையாக வையுங்கள், ஃபர்ம்வேரைத் தொடாதீர்கள்.

எந்த ரிவிஷனைப் பின்பற்றுகிறது என்று டிரைவ் சொல்லும் வெர்ஷன் ரெஜிஸ்டரையும் அதுவரை உயர்த்த விடாதீர்கள். 1.2.1 அல்லது அதற்கு மேல் என்று சொல்லிக்கொண்டு, சப்என்க்யூஎன் என்ற அடையாளப் பெயரை ஒழுங்காகத் தராத டிரைவைப் பார்த்தால், பூட் ஆகும்போதே லினக்ஸ் எச்சரிக்கை வரி போடும்.