கை மெஷினில் மரம் அறுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் என்று வேலூரில் எந்தப் பக்கம் வீடு கட்டினாலும், கொத்து வேலை ஓய்ந்த மறுவாரமே கட்டிங் மெஷினின் கீச்சுச் சத்தம் தெருவுக்கு வந்துவிடும். நிலை, ஜன்னல், கப்போர்டு என்று இருபது வருஷமாக அந்தச் சத்தத்துக்குள்தான் என் பிழைப்பு. என் இடது கை நடுவிரலில் நகம் கோணலாக வளர்வதும் அந்த மெஷினால்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நம் ஊரில் முதல் தவறு மெஷினைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடக்கிறது. டைல்ஸும் கிரானைட்டும் அறுக்க வந்த மார்பிள் கட்டரில் பல் வைத்த நாலு அங்குல மர பிளேடை மாட்டிவிடுகிறோம். விலை குறைவு, ஒரு கையில் தூக்கலாம், பக்கத்தில் டைல்ஸ் போடுகிறவருக்கும் ஆகும். எல்லாம் சரி. ஆனால் மரம் அறுக்கவென்றே வந்த வட்ட ரம்ப மெஷினான ஏழு அங்குல சர்குலர் சா நிமிஷத்துக்குச் சுமார் 5,500 சுற்று சுற்றும். மார்பிள் கட்டர் 12,000-க்கு மேல் சுற்றும். சர்குலர் சாவின் அடிப்பக்கம் ஸ்பிரிங் வைத்த கவர் உண்டு. பிளேடு மரத்தை விட்டு வெளியே வந்ததும் தானாக மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் மேல் பாதிக் கவரோடு சரி. பல மாடல்களில் சுவிட்சும் லாக் ஆகி நின்றுவிடும்; கை நழுவினாலும் பிளேடு நிற்காது. ஆங்கிள் கிரைண்டரில் பல் பிளேடு மாட்டுவது இதைவிட மோசம். அதில் மரத்தின் மேல் உட்கார அடித்தட்டே கிடையாது. கேட்டால், "ரெண்டே ரெண்டு கட்டிங்தானே அண்ணா" என்பார்கள்.

சர்குலர் சா வாங்கியவர்களிலும் சிலர், அந்த ஸ்பிரிங் கவர் இடைஞ்சல் என்று கட்டுக்கம்பியால் மேலே இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். அப்புறம் மெஷினைத் தரையில் வைத்தால் சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடு தரையைக் கடித்துப் பின்னால் ஓடும், நம் கால் இருக்கிற பக்கமே. கவர் சிக்குகிறது என்றால் உள்ளே தூளும் பிசினும் அடைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிரஷ் போட்டுத் துடைத்தால் போதும்.

இனி என் விரல் கதை. குடியாத்தத்தில் ஒரு சைட். 18 மி.மீ. பிளைவுட் ஷீட்டை இரண்டு ஸ்டூல் மேல் போட்டு நடுவில் அறுத்துக்கொண்டிருந்தேன். பாதி தாண்டியதும் ஷீட் தொங்க ஆரம்பித்தது. தாங்கலாம் என்று இடது கையை அடியில் கொடுத்தேன். பிளேடின் ஆழத்தைக் குறைக்கவே இல்லை. அது ஷீட்டுக்கு அடியில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. கவர் நல்ல நிலையில்தான் இருந்தது. ஆனால் அறுக்கும்போது கவர் பின்வாங்கித்தானே நிற்கும்? நகத்தோடு நுனிச் சதை போனது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி துணியைச் சுற்றிக்கொண்டே திட்டினார்: "மொதல்ல மரத்த ஒழுங்கா உக்கார வைடா, அப்புறம் மெஷின எடு."

அவர் சொன்னதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. இரு முனையிலும் தாங்கு கொடுத்து நடுவில் அறுத்தால், மரம் தொய்ந்து அறுத்த வாய் மூடிக்கொள்ளும். பிளேடை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும். பிளேடின் அடிப்பற்கள் மரத்தை முன்னால் தள்ளப் பார்க்கின்றன. மரம் நகராததால் மெஷின் எகிறி நம் பக்கம் பாய்கிறது. எவ்வளவு பலசாலியானாலும் அந்த நொடியில் பிடித்து நிறுத்த முடியாது. அதனால்தான் பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும்.

முழு ஷீட் என்றால் தரையில் நாலு ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) போட்டு அதன் மேல் விரியுங்கள். அறுக்கும் கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அறுபட்ட பிறகும் இரண்டு துண்டும் இருந்த இடத்திலேயே படுத்திருக்கும். பிளேடு, மரத்தின் கனத்தைத் தாண்டி ஒரு பல் அளவு, கால் அங்குலம், வெளியே தெரிந்தால் போதும். சின்னச் சட்டமாக இருந்தால் சி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். காலால் மிதித்துக்கொண்டு அறுப்பது கை ரம்பத்தோடு போகட்டும். பிளேடு வழியில் சிக்கினால் ஓட்டத்திலேயே பின்னால் இழுக்காதீர்கள். சுவிட்சை விட்டு, பிளேடு மரத்துக்குள்ளேயே நின்ற பிறகு தூக்குங்கள்.

பற்கள் கீழிருந்து மேலே ஏறி வெட்டுவதால் மேல் முகம்தான் சிலும்பும். மைக்கா ஒட்டிய நல்ல முகத்தைக் கீழே வைத்தால் வேலையும் சுத்தமாக வரும்.

இங்கே பழைய ஓட்டு வீடுகளை இடித்த மரம் நிறைய வருகிறது. தேக்குச் சட்டம், பனங்கை. எங்கே ஆணி உடைந்து புதைந்திருக்கும் என்று வெளியே தெரியாது. ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு அறுங்கள். ஆணியில் பட்டுத் தெறிக்கும் பிளேடின் கார்பைடு பல் கண்ணுக்குத்தான் குறி வைக்கும். படிக்கிற கண்ணாடி அதைத் தடுக்காது. மழுங்கிய பிளேடைச் சாணைக்குக் கொடுக்காமல் அழுத்தி ஓட்டுவதும் மெஷினைத் துள்ள வைக்கிற வேலைதான். பிளேடில் அச்சடித்திருக்கும் அதிகபட்சச் சுற்று, மெஷினின் சுற்றைவிடக் குறைவாக இருந்தால் மாட்டவே கூடாது.

கரண்ட் விஷயம் எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் செய்யாதது. பிளக் உடைந்தால் ஒயரை உரித்துச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் இறுக்குவது இன்னும் ஒழியவில்லை. ஜங்ஷன் பாக்ஸுக்குப் போகும் ஒயர் மெல்லியதாக இருந்தால் மோட்டார் திணறிச் சூடாகும். கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள லைனிலிருந்து மட்டும் கரண்ட் எடுங்கள்.

மே மாத வெயிலில் லுங்கியும் கழுத்தில் துண்டும்தான் சுகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துண்டு, மணிக்கட்டுக் கயிறு, தொளதொளப்பான கையுறை எல்லாமே பிளேடு இழுத்துக்கொள்ளும் பொருள்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. கைக்குட்டை கட்டினால் நுண்தூள் நிற்காது, என்-95 வேண்டும். காதுக்கு அடைப்பான் பத்து இருபது ரூபாய்.

இதையும் மீறி விரல் போனால்? அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட் 1946-இல் வந்து, தொழுநோயில் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துகாட்டிய ஊர் இது; கைக்கென்றே தனிப் பிரிவு இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில் உண்டு. ஆனால் துண்டு கெடாமல் போய்ச் சேர வேண்டுமே. காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பையில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு செத்துவிடும். 108-ஐ ஒருவர் கூப்பிடட்டும், இன்னொருவர் மெஷினின் பிளக்கைப் பிடுங்கட்டும். என் விரல் அறுபட்ட அன்று அதை யாருமே செய்யவில்லை. நான் தையல் போட்டுத் திரும்பி வந்தபோதும் அது அப்படியே செருகிக் கிடந்தது.