அன்டை: அவிழ்ந்ததா, அவிழ்த்ததா?

முடிச்சை அவிழ்ப்பதற்கு ஆங்கிலத்தில் 'அன்டை' என்பது பலருக்கும் தெரியும். அதை வாக்கியத்தில் வைக்கும்போதுதான் கை தயங்குகிறது. நான் தெளிந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் வடிவங்கள். நிகழ்காலம் அன்டை, இறந்தகாலம் அன்டைட், அழுத்தம் 'டை'யின் மேல். 'அன்டையிங்' எழுதும்போது மட்டும் கடைசியில் உள்ள ஐ, ஈ என்ற இரண்டு எழுத்துகளும் போய் ஒய் வரும்.

அடுத்து, எதற்கெல்லாம் வரும்? கயிறு, ரிப்பன், ஷூ லேஸ், கட்டிப்போடப்பட்ட ஆள். கட்டு இருந்தால் அன்டை. சட்டைப் பொத்தானையும் நாம் அவிழ்க்கிறோம், ஆனால் ஆங்கிலத்தில் அது அன்பட்டன். ஜிப்புக்கு அன்ஜிப், பெல்ட்டுக்கு அன்பக்கிள். இத்தனையும் நினைவில் நிற்காதவர்கள் 'அன்டூ'வைப் பிடித்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றுக்கும் பொருந்தும். தொடக்கத்தில் இந்த ஒரு சொல்லே போதும் என்பது என் உறுதியான கருத்து. அதன் இறந்தகாலம் 'அன்டிட்'.

இனி நான் இடறிய இடம். 'முடிச்சு அவிழ்ந்தது' என்று நினைத்து 'தி நாட் அன்டைட்' என்று எழுதினேன். திருத்தித் தந்த ஆசிரியர் ஓரத்தில் "யார் அவிழ்த்தது?" என்று கேட்டிருந்தார். எனக்கு வெகுநாள் புரியவில்லை.

தமிழில் 'அவிழ்ந்தது' என்றால் தானாக நடந்தது, 'அவிழ்த்தேன்' என்றால் நான் செய்தது. நமக்கு ஓர் எழுத்து மாறினால் போதும். 'அன்டை'க்கோ இன்றைய வழக்கில் அவிழ்த்தல் என்ற பொருள்தான், அவிழ்தல் இல்லை. 'ஓபன்' அப்படியல்ல. 'தி டோர் ஓபன்ட்' என்று கதவு தானாகவே திறந்துகொள்ளலாம். அந்தப் பழக்கத்தில்தான் அன்டையிலும் தவறுகிறோம்.

அதனால் முதலில் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'த்த' வந்தால் அவிழ்த்தவரை முன்னால் வையுங்கள்: 'ஐ அன்டைட் தி நாட்'. 'ந்த' வந்தால் 'கேம்' சேருங்கள்: 'மை ஷூலேஸ் கேம் அன்டைட்'. அவிழ்ந்து கிடப்பதை ஒருவருக்குச் சுட்டிக்காட்ட 'யுவர் ஷூலேஸ் இஸ் அன்டைட்' போதும். 'கேம் அன்டன்' என்பதும் இதே அமைப்புதான்.

அகராதி பார்ப்பதென்றால் கற்பவர்களுக்கான கேம்பிரிட்ஜ் அகராதியையே பாருங்கள். வினையின் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் டி (T) என்ற எழுத்து இருந்தால் அது செயப்படுபொருள் கேட்கும் வினை. பொருளை மட்டும் தரும் இருமொழிச் செயலிகளில் பெரும்பாலும் இந்தக் குறிப்பு கிடைக்காது.

பிற்சேர்க்கை: 'அன்' என்றாலே 'இல்லை' என்றுதானே பொருள் என்று சிலர் கேட்டார்கள். 'அன்ஹேப்பி' போன்ற பெயரடைகளில் ஆம். வினைகளில் அது செய்ததைத் திரும்ப எடுப்பது. இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்த முன்னொட்டுகள். அதனால்தான் 'அன்டைட்' என்பது கட்டாமலே விட்டதையும் குறிக்கும், கட்டி அவிழ்த்ததையும் குறிக்கும். 'அன்லூஸன்' ஒரு விலக்கு. அதற்கும் 'லூஸன்' போலவே தளர்த்து என்றுதான் பொருள்.