பழைய டிவி தொடரை டேப்பிலிருந்து ஸ்ட்ரீமிங்குக்குக் கொண்டுபோவது எப்படி?

ஒரு காலத்தில் ஒளிபரப்பி முடித்த தொடர் அலமாரிக்குப் போனால் அவ்வளவுதான். இப்போது ஸ்ட்ரீமிங் தளங்கள் பழைய தொடர்களையும் தேடி வாங்குகின்றன. ஆனால் அவற்றில் பல இன்னும் பீட்டாகேம் என்ற, டிவி நிலையங்கள் பயன்படுத்திய வீடியோ டேப்பில்தான் கிடக்கின்றன. சோனி 2016-இல் அந்த டேப்புகளை ஓட்டும் டெக்குகளின் விற்பனையையே நிறுத்திவிட்டது. இருக்கிற டெக்குகளும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். எடிட்டராக இருந்த நான் இப்போது இந்த டேப்புகளை ஃபைலாக மாற்றித் தரும் வேலையில் இருக்கிறேன். உங்களிடம் டேப் இருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

டெக்கில் போடுவதற்கு முன் டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே கூடாது. அது டெக்கின் ஹெட்டில் ஒட்டி அடுத்தடுத்த டேப்புகளையும் கெடுக்கும். முதலில் சுத்தம் செய்யக் கொடுங்கள். குளிர்ந்த இடத்தில் இருந்த டேப் என்றால் ஒருநாள் அறையிலேயே கிடக்கட்டும். பிறகு கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, அப்புறம்தான் பதிவு.

பதியும்போது டேப்பில் இருப்பதை இருக்கிறபடியே எடுங்கள். 720×576 புள்ளிகள் என்றால் அதே அளவு, 10-பிட் நிற நுணுக்கம், இன்டர்லேஸ் (ஒரு ஃப்ரேமை இரண்டு பாதியாகப் பிரித்த அமைப்பு) கலையாமல். நான் எஃப்எஃப்வி1 வடிவத்தில் வைத்துக்கொள்கிறேன். ஃபைல் சுருங்கும், ஆனால் ஒரு புள்ளிகூடத் தொலையாது. திருத்தம், வண்ணம், சுத்தம் எல்லாம் அதன் நகலில் செய்துகொள்ளலாம்.

ஒலியில் ஒருமுறை நன்றாகவே தவறினேன். பீட்டாகேம் எஸ்பியில் நான்கு ஒலித்தடங்கள் இருக்கலாம். முதல் இரண்டையும் ஸ்டீரியோ என்று நினைத்துச் சேர்த்துவிட்டேன். உண்மையில் முதல் தடத்தில் முழுக் கலவை, இரண்டாவதில் வசனம் இல்லாத இசையும் சத்தங்களும். பதின்மூன்று எபிசோடிலும் பின்னணி இசை வசனத்தை அமுக்கிவிட்டது. எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். அதனால் நான்கு தடங்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். வசனமில்லாத அந்தத் தடம் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். வேறு மொழியில் டப்பிங் செய்ய அதைவிட நல்ல பொருள் கிடையாது.

அடுத்தது அசைவு. என்னைக் கேட்டால் தொடரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பழைய டிவி சிக்னலில் ஒவ்வொரு ஃப்ரேமும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என இரண்டு ஃபீல்டுகளாகப் பிரிந்திருக்கும். ஸ்ட்ரீமிங்குக்கு முழு ஃப்ரேம் வேண்டும். ஸ்டுடியோ வீடியோ கேமராவில் எடுத்த காட்சியில் நொடிக்கு 50 ஃபீல்டும் 50 வெவ்வேறு கணங்கள். அவற்றை நொடிக்கு 50 ஃப்ரேமாக விரித்தால் நடிகர் கையை வீசும் வேகம் அன்று பார்த்த மாதிரியே இருக்கும். 25 ஆக்கினால் அந்த வழவழப்பு போய்விடும். படச்சுருளில் எடுத்து வீடியோவுக்கு மாற்றிய காட்சியில் இரண்டு ஃபீல்டும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை. சேர்த்து வைத்தாலே போதும். ஒரே எபிசோடில் வீட்டுக்குள் வீடியோ, வெளிப்புறத்தில் படச்சுருள் என்று கலந்திருப்பதும் உண்டு. அப்போது ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பாருங்கள், நேரம் பிடித்தாலும் பரவாயில்லை.

படத்தின் வடிவத்தில் கை வைக்க வேண்டாம். 4:3 (அகலம் 4, உயரம் 3) படத்தை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டச் சொல்வார்கள், மறுத்துவிடுங்கள். 2019-இல் டிஸ்னி பிளஸ், தி சிம்ப்சன்ஸின் பழைய எபிசோடுகளை அப்படி வெட்டித்தான் வெளியிட்டது. வெட்டுப்பட்ட பகுதியில் இருந்த நகைச்சுவைகள் காணாமல் போயின. ரசிகர்கள் கேட்டுக்கேட்டு, 2020-இல் 4:3 வடிவமும் வந்தது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும். விளிம்பில் மட்டும் சில புள்ளிகளை நறுக்கலாம். அங்கே தெரியும் வெள்ளைக் கோடுகளைப் பழைய டிவிப் பெட்டிகள் தாமாகவே மறைத்துக் காட்டின. 720×576 படத்தை 4:3-க்குச் சரிசெய்யாமல் விட்டால் முகங்கள் சற்று நீண்டு தெரியும் என்பதையும் மறக்காதீர்கள்.

செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் 4கே ஆக்குவது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். முகம் மெழுகுபொம்மை ஆகிவிடுகிறது, துணியின் நெசவு அழிந்துவிடுகிறது. நான் செய்வதில்லை. மூலப் படச்சுருள் கிடைத்தால் கதை வேறு. ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷனை 35 மி.மீ. நெகட்டிவிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்து, புதிதாக எடிட் செய்துதான் ஹெச்டிக்குக் கொண்டுவந்தார்கள்.

இனி விளம்பர இடைவேளைகள். ஸ்பான்சர் அட்டைகளை எடுத்துவிடலாம். அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு முன்கதைச் சுருக்கமும் சலிப்பாகும். ஆனால் அதில் மட்டும் வரும் ஷாட் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். இடைவேளைக்கு முன் படம் இருளும் இடத்தை முழுதாக நறுக்காமல் அரை நொடியாவது விட்டு வையுங்கள். இசையமைப்பாளரும் எடிட்டரும் மூச்சு விடுவதற்கென்று வைத்த இடம் அது.

ஒலி அளவைத் தளம் கேட்கும் எண்ணுக்கு மாற்றுங்கள். ஐரோப்பிய ஒளிபரப்பு அளவு -23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு). நெட்ஃபிளிக்ஸ் வசனத்தை வைத்து -27 கேட்கிறது. பாட்டு உரிமையை இந்த வேலை தொடங்கும்போதே விசாரியுங்கள். பழைய ஒப்பந்தம் ஒளிபரப்புக்கு மட்டும் எழுதியதாக இருந்தால் பாட்டையே மாற்ற வேண்டி வரும்.

அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு எபிசோடையும் பெரிய டிவியில் முதலிலிருந்து கடைசிவரை பாருங்கள். மூலப் பதிவை இரண்டு வெவ்வேறு இடங்களில், செக்சம் (ஃபைல் கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) எடுத்து வையுங்கள். டேப்பைத் தூக்கிப் போடாதீர்கள். புத்தகம் போல நிமிர்த்தி, ஈரமில்லாத அலமாரியில் அடுக்கி, எந்தத் தேதியில் எந்த டெக்கில் ஓட்டினீர்கள் என்று அட்டையில் எழுதி வையுங்கள்.