சாயத்தண்ணியில் உப்புக் கணக்கு போடுவது எப்படி

கெமிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு முடித்துவிட்டுத் திருப்பூர் பக்கம் இன்டர்ன்ஷிப் வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை ஒன்றுதான். ஒரு பேட்ச் துணிக்குப் போட்ட உப்பு எங்கெங்கே போனது என்று கிலோ கணக்கில் எழுதிக்கொண்டு வரவேண்டும். பசுமைத் தொழில்நுட்பம், லித்தியம், ஹைட்ரஜன் என்று ஆசையோடு வந்தவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். இருக்கட்டும். லித்தியம் ஆலையிலும் இதே கணக்குதான் ஓடுகிறது. அதைக் கடைசியில் காட்டுகிறேன்.

முதலில், ஏன் உப்பு? பருத்தித் துணிக்குப் போடுவது ரியாக்டிவ் சாயம். தண்ணீரில் நனைந்த பருத்தியும் எதிர்மின் தன்மை கொண்டது, சாயமும் அப்படியே. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால் அந்தத் தள்ளல் தணிந்து சாயம் நூலுக்குள் ஏறும். அதன்பிறகு சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட் போட்டுக் காரத்தை ஏற்றினால் சாயம் நூலோடு வேதிப்பிணைப்பில் சேர்ந்துகொள்ளும். கவனிக்க வேண்டியது இதுதான்: உப்பு துணியில் தங்குவதே இல்லை. போட்டதில் ஏறக்குறைய மொத்தமும் கழிவுநீரில் வெளியே வந்துவிடும். கிருமிகளுக்கு அது உணவில்லை, ஃபில்டரில் நிற்காது, சுண்ணாம்பு போட்டாலும் படியாது. நொய்யல் ஆற்றைக் கெடுத்ததில் கண்ணுக்குத் தெரிந்தது சாயம். நிலத்தையும் கிணற்றையும் சாகடித்தது உப்பு. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிலை அப்படித்தான் நடைமுறையில் இறுகியது. உப்புக் கணக்கு இங்கே பிழைப்பாக மாறியதும் அப்போதுதான்.

கணக்கை மெஷினில் தொடங்குங்கள்

எல்லோரும் நேராகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய் டேங்கை எட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் சாயப்பட்டறைக்குப் போய் ரெசிபி கார்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதிரிக் கணக்கு: 1000 கிலோ பனியன் துணி, சாஃப்ட் ஃப்ளோ மெஷின், ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர். அப்படியென்றால் சாயக்குளியல் 6000 லிட்டர். நடுத்தர ஷேடுக்கு லிட்டருக்கு 60 கிராம் சோடியம் சல்ஃபேட் என்றால் 360 கிலோ உப்பு. சோடா ஆஷ் லிட்டருக்கு 20 கிராம், 120 கிலோ. ப்ளீச்சிங், அலசல், சோப்பிங் எல்லாம் சேர்த்து மொத்தத் தண்ணீர் 50 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது பலர் விட்டுவிடும் ஒரு வரி. சோடா ஆஷால் ஏறிய காரத்தை இறக்க அமிலம் ஊற்றுவார்கள். எந்த அமிலம்? முழுக்க நடுநிலையாக்கினால், கந்தக அமிலம் ஊற்றிய இடத்தில் அந்த 120 கிலோ சோடா ஆஷ் சுமார் 160 கிலோ சோடியம் சல்ஃபேட்டாக மாறும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் சுமார் 130 கிலோ சாப்பாட்டு உப்பு, அதாவது சோடியம் குளோரைடு. கடையில் இரண்டாவது மலிவாகக் கிடைக்கிற நாளும் உண்டு, பர்ச்சேஸ்காரர் அதை வாங்கிவிடுவார். அந்த 130 கிலோ குளோரைடு கடைசித் தொட்டி வரை கூடவே வந்து தொல்லை கொடுக்கும். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

கந்தக அமிலம் என்றே வைத்துக்கொண்டால் கணக்கு 360 கூட்டல் 160, ஆக 520 கிலோ. 50 கன மீட்டரில் லிட்டருக்கு 10 கிராம் சொச்சம். நீர்நிலையில் விட அனுமதித்த அளவு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். ஐந்து மடங்கு.

தாளில் வந்த எண்ணை டேங்கில் சரிபாருங்கள். ஆனால் கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டுவதாகச் சொல்லிப் பாக்கெட்டில் வைத்திருக்கும் டி.டி.எஸ். பேனாவை நம்பி அல்ல. அது அளப்பது மின்கடத்துத்திறனை மட்டும். ஒரு நிலையான எண்ணால் பெருக்கி அதைத்தான் டி.டி.எஸ். என்று காட்டுகிறது. அந்த எண் எந்த உப்புக்கு வைத்ததோ அந்த உப்புக்குத்தான் சரியாக வரும், சல்ஃபேட் கலவையில் தப்பிப்போகும். மாதிரியை வடிகட்டி, எடைபோட்ட கிண்ணத்தில் வற்ற வைத்து, 180 டிகிரி அவனில் காயவைத்து மறுபடி எடைபோடுங்கள். அரை நாள் ஆகும். பரவாயில்லை, வாரம் ஒருமுறையாவது செய்து பேனாவின் எண்ணை அதோடு ஒப்பிட்டு வைத்துக்கொண்டால் போதும்.

நடுவில் இருக்கும், கிருமிகளை வைத்துச் சுத்தம் செய்யும் பயாலஜி, நிறம் நீக்கும் பகுதி பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை. பாடப்புத்தகத்தில் நன்றாகவே இருக்கிறது. ஒன்று மட்டும்: நிறம் எடுக்க ஹைப்போகுளோரைட் ஊற்றினால் அதுவும் குளோரைடு வரவு. தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னரைப் புதுப்பிக்கும் ரீஜெனரேஷனுக்குப் போடும் உப்பும் குளோரைடு வரவு. போர்வெல் தண்ணீரே உப்பாக இருந்தால் அதுவும். இவற்றுக்கென்று தனியாக ஒரு பத்தி ஒதுக்கி எழுதி வாருங்கள்.

விறகு எங்கே எரிகிறது

ஆர்.ஓ.வில் 80 சதவீதம் நல்ல தண்ணீர் மீண்டால், 40 கன மீட்டர் சாயப்பட்டறைக்குத் திரும்பும். மீதி 10 கன மீட்டர் ரிஜெக்ட், லிட்டருக்குச் சுமார் 50 கிராம் உப்போடு. கசிவைக் கணக்கில் எடுக்காமல் சொல்கிறேன். இந்த ரிஜெக்டை எவாப்பரேட்டரில் காய்ச்சி லிட்டருக்கு 250 கிராம் வரை கொண்டுபோக வேண்டுமானால் 8 கன மீட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும்.

அந்த 40 கன மீட்டரை மீட்க ஆர்.ஓ. பம்புகளுக்குச் சில நூறு யூனிட் கரன்ட் போதும். இந்த 8 கன மீட்டரை ஒரே சட்டியில் காய்ச்சினால் 5000 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் வேண்டும், ஏனென்றால் ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2257 கிலோஜூல் கேட்கும். அதனால்தான் நான்கைந்து எஃபெக்ட்டாகப் பிரித்து, ஒன்றின் ஆவியில் அடுத்ததைக் காய்ச்சுகிறார்கள். நான்கு எஃபெக்ட் என்றால் ஒரு டன் நீராவிக்கு மூன்று டன்னுக்கு மேல் தண்ணீர் போகும். எம்.வி.ஆர். என்றால் வெளியேறும் ஆவியையே கம்ப்ரஸ் செய்து திரும்ப உள்ளே விடுவது, ஒரு கன மீட்டருக்குச் சில பத்து யூனிட்டில் வேலை முடிந்துவிடும். காய்ந்த விறகு எரிக்கும் பாய்லரில் ஒரு டன் நீராவிக்குச் சுமார் கால் டன் விறகு. லாரியில் வந்து இறங்கும் அந்த விறகையும் உங்கள் தாளில் எழுதுங்கள். ஆற்றைக் காப்பாற்றுகிறோம் என்று மரத்தை எரித்துக்கொண்டிருந்தால் அதுவும் கணக்கில் வரத்தான் வேண்டும்.

இங்கே இன்ஜினியர் காட்டும் கைவண்ணம் ஆர்.ஓ. மீட்பில்தான். 80 சதவீதத்தை 85 ஆக்கினால் ரிஜெக்ட் 10ல் இருந்து 7.5 கன மீட்டராகக் குறையும். ஆவியாக்க வேண்டியது 8ல் இருந்து 5.5. வெப்பச் செலவில் மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்டக் காணாமல் போகும். ஆனால் சும்மா வால்வைத் திருகி மீட்பை ஏற்ற முடியாது. கால்சியமும் சிலிக்காவும் மெம்பரேனில் படிந்து கெட்டியாகிவிடும். முன்னால் இருக்கும் சாஃப்ட்னிங் எந்த அளவுக்குச் சுத்தமோ அந்த அளவுக்குத்தான் மீட்பை ஏற்றலாம்.

32.4 டிகிரி

எனக்கு இந்த வேலையில் இன்னும் அலுக்காத இடம் கரைசலைக் குளிரவைத்து உப்பைப் படிகமாக எடுக்கும் சில்லர் கிரிஸ்டலைசர். சோடியம் சல்ஃபேட்டின் கரைதிறன் ஒரு விசித்திரம். 100 கிராம் தண்ணீரில் 10 டிகிரியில் 9 கிராம்தான் கரையும். 20 டிகிரியில் 19, 30 டிகிரியில் 41. 32.4 டிகிரியில் உச்சம் தொட்டு, அதற்கு மேல் சூடாக்க ஆக்க மெல்லக் குறையும். சாப்பாட்டு உப்போ, பனிக்கட்டி வெப்பநிலையில் இருந்து கொதிநிலை வரை 36ல் இருந்து 39 வரைதான் நகரும். அப்புறம் என்ன, இரண்டும் கலந்த கரைசலைக் குளிரவைத்தால் சல்ஃபேட் மட்டும் பத்து மூலக்கூறு தண்ணீரோடு கிளாபர் உப்பாக வெளியே வந்துவிடும். குளோரைடு கரைசலிலேயே நிற்கும்.

இதைச் செய்து பாருங்கள். எவாப்பரேட்டரில் இருந்து வரும் அடர்ந்த கரைசலை ஒரு பீக்கரில் பிடித்து, ஐஸ் தண்ணீருள்ள தட்டில் வையுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. கண்ணாடிக் குச்சியால் பீக்கரின் உள்பக்கத்தை லேசாக உரசுங்கள். உரசின கோட்டில் இருந்து பளிச்சென்று படிகங்கள் கிளம்பி, சில நிமிடங்களில் அடிப்பகுதி கஞ்சி போலாகிவிடும். மேலே நிற்கும் மஞ்சள் பழுப்புத் திரவம்தான் மதர் லிக்கர். நிறம், கரிமப் பொருள், குளோரைடு எல்லாம் அதில் ஒதுங்கிவிடுகின்றன. படிகத்தை வடிகட்டிக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் வெள்ளை.

நம் பேட்சுக்குக் கணக்கு: 500 கிலோ சல்ஃபேட் உள்ள 2 கன மீட்டர் கரைசலை 10 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஏறக்குறைய 840 கிலோ கிளாபர் உப்பு விழும். அதில் 44 சதவீதம்தான் உப்பு, மீதி தண்ணீர். எனவே உண்மையில் மீண்டது 370 கிலோ. முதல் சுற்றிலேயே முக்கால் பங்கு. இந்தத் தண்ணீர் எடையை மறந்துவிட்டு 840 கிலோ உப்பு கிடைத்தது என்று ரிப்போர்ட் எழுதுபவர்கள் உண்டு. மாஸ் பேலன்ஸ் தாளில் உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகமாக இருந்தால் முதலில் இதைத்தான் தேடுங்கள்.

உப்பு மாஸ்டரிடம் பாஸ் ஆக வேண்டும்

எடுத்த உப்பு சாயப்பட்டறைக்குத் திரும்பாவிட்டால் அது சேமிப்புக் கிடங்கில் இன்னொரு மூட்டை, அவ்வளவுதான். டையிங் மாஸ்டர் வந்து நின்று கேட்பது ஒரே கேள்வி: "ஏனுங்க, இந்த உப்புல ஷேடு வருமுங்களா?" அவருக்குச் சோதனை அறிக்கையைக் காட்டி உபயோகமில்லை. லாப் டிப் போட்டுக் காட்டுங்கள். புது உப்பில் ஒரு துண்டு, மீட்ட உப்பில் ஒரு துண்டு, இளம் ஷேடில். அடர் நிறத்தில் குறை தெரியாது, இளம் நீலத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

குறை வந்தால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று கடினத்தன்மை: கால்சியம் சாயத்தோடு சேர்ந்து திட்டுத்திட்டாக நிற்கும். இன்னொன்று மீந்த காரம். கரைசலில் பைகார்பனேட் தங்கியிருந்தால், சோடா ஆஷ் போடுவதற்கு முன்பே சாயம் நூலில் ஒட்டத் தொடங்கிவிடும், ஏற்றம் சீராக இராது. அமிலம் போட்டு, காற்றடித்துக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிவிட்டு அனுப்புங்கள். மாஸ்டர் ஒருமுறை "சரி" என்று சொல்லிவிட்டால் அடுத்த பேட்சில் அவரே கேட்டு வாங்குவார்.

மதர் லிக்கரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் அதில் குளோரைடும் கரிமப் பொருளும் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் கொஞ்சம் வெளியே எடுத்து வற்றக் காய்ச்சியாக வேண்டும். வருவது கலப்பு உப்பு. வாங்க ஆளில்லை, கொட்ட இடமில்லை, ஷெட்டில் மூட்டை மூட்டையாக நிற்கிறது. இந்தத் தொழிலின் தீராத தலைவலி இதுதான், பூஜ்ஜியக் கழிவு என்று பெயர்ப்பலகை வைப்பவர்கள் இந்த ஷெட்டைக் காட்டமாட்டார்கள். மேலே அமிலத்தைப் பற்றி வளவளவென்று எழுதியது இதற்காகத்தான். உள்ளே வரும் ஒவ்வொரு கிலோ குளோரைடும் இந்த மூட்டையில்தான் போய் முடியும். சல்ஃபேட்டுக்கு வழி இருக்கிறது, குளோரைடுக்கு இந்தச் சுற்றில் வழி இல்லை. கலப்பு உப்பைக் குறைக்க நினைப்பவர் கிரிஸ்டலைசரை மாற்றுவதற்கு முன் அமிலத்தையும், ஹைப்போவையும், சாஃப்ட்னர் உப்பையும் மாற்றிப் பார்க்கட்டும். உப்பே போடாமல், சூடாக்காமல் சாயமேற்றும் கோல்ட் பேட் பேட்ச் முறையும் இருக்கிறது. பின்னல் துணியில் ஓரம் சுருளாமல், இழுபடாமல் செய்யக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

லித்தியத்துக்கு வருவோம்

ஸ்போடுமீன் என்ற பாறைக் கனிமத்தைக் கந்தக அமிலத்தோடு வறுத்துத் தண்ணீரில் கரைத்தால் லித்தியம் சல்ஃபேட் கரைசல் கிடைக்கும். அதில் காஸ்டிக் சோடா சேர்த்தால் லித்தியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்ஃபேட்டும் ஒரே கரைசலில் இருக்கும். எப்படிப் பிரிப்பது? பூஜ்ஜியத்தை ஒட்டிக் குளிரவைத்து கிளாபர் உப்பை வெளியே எடுத்துவிட்டு, மீதியைக் காய்ச்சி லித்தியம் ஹைட்ராக்சைடைப் படிகமாக்குகிறார்கள். ஐஸ் தட்டில் நீங்கள் பார்த்த அதே படிகம்.

பேட்டரியின் கேத்தோடு தூளுக்கு முன்பொருளான நிக்கல் ஹைட்ராக்சைடு செய்யும் இடத்திலும் அப்படியே. நிக்கல் சல்ஃபேட்டில் காஸ்டிக் ஊற்றினால், ஒரு டன் ஹைட்ராக்சைடுக்கு ஒன்றரை டன் சோடியம் சல்ஃபேட் கூடவே பிறக்கும். அணு எடையை வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம்: 142ஐ 92.7ஆல் வகுத்தால் 1.53. பழைய பேட்டரியைக் கரைத்து உலோகம் மீட்கும் ஆலைகளிலும் பெரும்பாலும் இந்த உப்புதான் குவிகிறது. மின்சார வண்டி வந்தால் உப்பு போய்விடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "இ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) பார்த்தேன்" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். கிரிஸ்டலைசர் எந்த வெப்பநிலையில் ஓடியது, மதர் லிக்கரில் எவ்வளவு வெளியே எடுத்தீர்கள், உப்பு பேலன்ஸ் எத்தனை சதவீதத்துக்குள் முடிந்தது என்று எழுதுங்கள். நேர்காணலில் அதைத்தான் தோண்டிக் கேட்பார்கள்.

இதற்கு அடுத்த படி பைபோலார் மெம்பரேன் எலக்ட்ரோடயாலிசிஸ். மின்சாரத்தால் சோடியம் சல்ஃபேட்டைக் காஸ்டிக்காகவும் கந்தக அமிலமாகவும் திரும்பப் பிரிக்கும் முறை. காஸ்டிக் ப்ளீச்சிங்குக்குப் போகும், அமிலம் சாயத்தண்ணியை நடுநிலையாக்கும். பேட்டரி ஆலையிலோ இரண்டும் நேராக உற்பத்திக்கே திரும்பும். மெம்பரேன் விலை அதிகம், கால்சியமும் மெக்னீசியமும் மிச்சம் மீதி இல்லாமல் நீக்கிய உப்புநீர்தான் அதற்கு ஒத்துவரும். எனவே அதில் இறங்க நினைப்பவர்கள் முதலில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும் அயன் எக்ஸ்சேஞ்ச் ரெசினைக் கையால் ஓட்டிப் பழகுங்கள். ஒரு கண்ணாடிக் குழாய், அரை லிட்டர் ரெசின், கடினத்தன்மை பார்க்கும் ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன் செட் போதும். எத்தனை லிட்டரில் கால்சியம் கசியத் தொடங்குகிறது என்று வரைபடம் போடுங்கள். பிறகு அதே ரெசினில் லிட்டருக்கு 50 கிராம் சல்ஃபேட் உள்ள உப்புநீரை விட்டுப் பாருங்கள், சாதாரண ரெசின் எவ்வளவு சீக்கிரம் கைவிடுகிறது என்று தெரியும். கால்சியத்தை இன்னும் இறுகப் பிடிக்கும் கீலேட்டிங் ரெசினுக்கு ஏன் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.