பள்ளியை விட்டுக் கிளம்பும் முன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

பள்ளி முடியப்போகிறது என்றாலே எல்லோரும் கேட்பது, அடுத்து என்ன படிக்கப்போகிறாய் என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் அந்தப் பக்கம் போகவில்லை. நான் சொல்ல வருவது வேறு. எத்தனை மணிக்கு எழுவது, யாருடன் பழகுவது, எதை எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று இத்தனை வருடமாக உங்களுக்காகப் பள்ளி சத்தமில்லாமல் நிறைய வேலை பார்த்திருக்கிறது. கடைசித் தேர்வு முடிந்த மறுநாள் அதெல்லாம் உங்கள் தலையில் வந்து விழும். அதனால் இந்தக் கடைசி மாதங்களிலேயே ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காகித வேலையை முதலில் முடியுங்கள். பிறப்புச் சான்று, மதிப்பெண் சான்று, அடையாள அட்டை எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் பள்ளியில் இருக்கும்போதே திருத்தக் கேளுங்கள், வெளியே போனபின் அதற்காக அலைய வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். பள்ளி கொடுத்த மின்னஞ்சல் முகவரியில் ஏதாவது கணக்குத் தொடங்கியிருந்தால் சொந்த முகவரிக்கு மாற்றிவிடுங்கள். பரிந்துரைக் கடிதம் தேவைப்படும் என்று தோன்றினால், உங்களை நன்றாகத் தெரிந்த ஆசிரியரிடம் இப்போதே கேளுங்கள், நீங்கள் செய்தவற்றை நாலு வரியில் எழுதியும் கொடுங்கள். வருடா வருடம் நூறு புது முகம் பார்க்கிறவர், எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்க மாட்டார்.

அப்புறம் நட்பு. பலருக்கு அடி விழுவது இங்கேதான், ஆனால் இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து பழக வேண்டியிருக்கிறது. அதிலும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த நேரத்தைவிட, அரட்டையிலும் விளையாட்டிலும் போன நேரம்தான் அதிகம் கணக்கில் சேர்கிறது. பள்ளியில் இது கேட்காமலே கிடைத்தது. இனி வாரத்துக்கு 3 மணி நேரம் ஒருவருடன் பழகினால்கூட அந்த முதல் 50 மணி நேரத்துக்கே நான்கு மாதம் ஆகும். ஆகவே புது இடத்துக்குப் போன இரண்டாவது வாரத்திலேயே 'இங்கே எனக்கு யாரும் ஒத்துவர மாட்டார்கள்' என்று முடிவு கட்டாதீர்கள், அது கணக்குப்படியே தப்பு. ஒரே ஆட்கள் வாராவாரம் கூடுகிற ஏதாவது ஒன்றில், விளையாட்டோ பாட்டோ எதுவானாலும் சரி, சேர்ந்துகொண்டு முதல் சில வாரங்கள் சலிப்பாக இருந்தாலும் போய்க்கொண்டே இருங்கள். பழைய நண்பர்களில் மூன்று நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, பேச ஒரு நாளை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் இருக்கும் குழு அரட்டையை நம்பி இருக்காதீர்கள், சில மாதங்களில் அதில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும்தான் வரும்.

படிப்பில் பள்ளி செய்த பெரிய உதவி, எல்லோரும் திட்டித் தீர்த்த அந்தச் சின்னச் சின்னத் தேர்வுகள்தான். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே மறந்துபோகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் எழுதினார். படித்ததை அடிக்கடி நினைவுக்குக் கொண்டுவரச் செய்து அந்த மறதியைக் குறைத்தவை அந்தத் தேர்வுகள்தான். இனி உங்களுக்குத் தேர்வு வைக்க வேண்டியவர் நீங்கள்தான்: புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள், இரண்டு நாள் கழித்து ஒரு முறை, வாரம் கழித்து இன்னொரு முறை. மஞ்சள் மையால் கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பது படித்த மாதிரி ஒரு நிம்மதியைத் தரும், அவ்வளவுதான்.

தூக்கம் பற்றி ஒரே வரி: பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை, எழும் நேரத்தை விடுமுறையிலும் பெரிதாக மாற்றாதீர்கள்.

பணத்துக்கு ஒரு கணக்கு தெரிந்தால் போதும். வட்டிக்கும் வட்டி சேரும் இடத்தில், 72ஐ வருட வட்டி விகிதத்தால் வகுத்தால், தொகை இரட்டிப்பாக ஏறத்தாழ எத்தனை வருடம் ஆகும் என்று வரும். 8 சதவீதத்தில் போட்ட சேமிப்பு 9 வருடத்தில் இரட்டிப்பாகும், 36 சதவீத வட்டிக்கு வாங்கிய கடன் கட்டாமல் விட்டால் ஏறத்தாழ இரண்டே வருடத்தில் இரட்டிப்பாகும். பதினெட்டு வயதானதும் கடன் அட்டை, தவணை, 'பூஜ்யம் வட்டி' என்று வரிசையாக வந்து நிற்பார்கள், அப்போது வருட வட்டி எவ்வளவு, ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். எதில் கையெழுத்துப் போடுவதானாலும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க ஒரு நாள் கேளுங்கள். தர முடியாது, இன்றே போட வேண்டும் என்றால், போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.