உலகம் ஆட்டம் கண்டால் உடனே நகைக்கடைக்கு ஓடாதீங்க

போர், வங்கி திவால், பங்குச்சந்தை சரிவு என்று டிவியில் ஓடினால் போதும், கிருஷ்ணகிரி நகைக்கடைகளில் "இப்பவே வாங்கிப் போட்டுடலாம்" என்று ஒரு கூட்டம் வந்துவிடும். மாங்காய் சீசன் பணம் கையில் இருக்கிற நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். சந்தை விழுந்தால் தங்கம் ஏறும் என்பது பொய்யில்லை. ஆனால் விழுந்த அன்றைக்கே ஏறும் என்று நினைப்பதுதான் பெரிய தப்பு.

2008 மார்ச்சில் ஒரு அவுன்ஸ் தங்கம், அதாவது 31.1 கிராம், 1,000 டாலரைத் தொட்டது. செப்டம்பரில் அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலாகி உலகமே நடுங்கியபோது தங்கம் பறந்திருக்க வேண்டுமே? அக்டோபர் கடைசியில் 700 டாலர் பக்கம் கிடந்தது. 2020 மார்ச்சில் கொரோனா பீதியிலும் இதே கதை, 1,500க்குக் கீழே போனது. காரணம் எளிது: கடன் வாங்கிப் பங்கில் போட்டு அடி வாங்கியவர்களிடம், மார்ஜின் பணம், அதாவது ஈடாக இன்னும் கொஞ்சம் பணம் கட்டு என்று புரோக்கர்கள் நெருக்குவார்கள், அடி வாங்கியவர்கள் எது உடனே காசாகுமோ அதை விற்பார்கள். ஆஸ்பத்திரி செலவு வந்தால் நாம் முதலில் வளையலைக் கழற்றுவதில்லையா, அதேதான். அப்புறம் மத்திய வங்கிகள் வட்டியைக் குறைத்துப் பணத்தை இறக்கிவிட்டபோதுதான் ஏற்றம் வந்தது: 2011இல் 1,900, 2020 ஆகஸ்டில் 2,000க்கு மேல்.

வெள்ளியையும் இதே கணக்கில் பார்க்காதீர்கள். அதன் தேவையில் பாதிக்கு மேல் சோலார் பேனல், எலக்ட்ரானிக்ஸ் மாதிரி தொழிற்சாலைகளுக்குப் போகிறது, தொழில் படுத்தால் வெள்ளியும் படுக்கும். 1980 ஜனவரியில் 50 டாலரை நெருங்கிய வெள்ளி, மறுபடி அந்தப் பக்கம் வர 2011 ஆனது. வந்தும் நிற்கவில்லை.

டாலர் விலையை மட்டும் பார்ப்பது இன்னொரு தப்பு. 2013இல் உலகச் சந்தையில் தங்கம் நன்றாக அடிவாங்கியிருந்தது, ஆனால் ஆகஸ்டில் டாலர் 68 ரூபாய்க்குப் போனதாலும் இறக்குமதி வரி 10 சதவீதமானதாலும் நம் ஊரில் விலை ஏறியது. 2024 ஜூலையில் நேர் எதிர்: பட்ஜெட்டில் வரியை 15இலிருந்து 6 சதவீதமாகக் குறைத்ததும், உலகத்தில் பெரிதாக எதுவும் நடக்காமலே இங்கே விலை இறங்கிவிட்டது.

சரி, முதலீடு என்று சொல்லிக்கொண்டு ஆரம் வாங்குகிறவர்கள் பில்லைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு பவுனுக்கு 10 சதவீத சேதாரம் என்றால் 0.8 கிராம் தங்கத்தின் விலை அங்கேயே போச்சு, மேலே 3 சதவீத ஜிஎஸ்டி. விற்கும்போது இரண்டும் திரும்பி வராது, ஆக விலை 13 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட காசு. பிள்ளை கழுத்துக்கு வாங்குவது வேறு விஷயம், அதில் நான் தலையிட மாட்டேன்.

எல்லாவற்றையும் விட மோசமானது, இருக்கிற நகையை அடகு வைத்து அந்தப் பணத்தில் இன்னும் தங்கம் வாங்குவது. விலை இறங்கினால் இரண்டு பக்கமும் நஷ்டம், வட்டி மட்டும் மாதாமாதம் ஏறிக்கொண்டே இருக்கும்.