துவைக்கும் இடத்தை ஒழுங்குபடுத்தும்போது செய்யக்கூடாத தவறுகள்

துவைக்கும் இடத்தைச் சீர்படுத்தக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, சோப்புத்தூளையும் லிக்விடையும் அதனதன் டப்பாவிலிருந்து எடுத்து ஒரே மாதிரியான கண்ணாடி ஜாடிகளில் கொட்டி வரிசையாக அடுக்குவதுதான். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இதைவிட மோசமான தொடக்கம் வேறில்லை என்பேன். எவ்வளவு போட வேண்டும், கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும், எதோடு சேரக்கூடாது என்ற விவரமெல்லாம் அந்த டப்பாவின் மேல்தான் அச்சாகியிருக்கிறது, டப்பாவைத் தூக்கிப் போட்டால் அதுவும் போய்விடுகிறது. ஜாடியில் இருக்கும் வெள்ளைத்தூள் சோப்புத்தூளா, சலவைச் சோடாவா, கறை நீக்கும் ஆக்சிஜன் பிளீச்சா என்பது அதைக் கொட்டி வைத்தவரைத் தவிர வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அதிலும் குடிக்கிற பாட்டிலில் பிளீச்சையோ லிக்விடையோ ஊற்றி வைப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது, ஒரே ஒரு நாளைக்குக்கூட.

வண்ண வண்ணமாக வரும் சலவை உருண்டைகள் (பாட் என்கிறார்களே, அவை) இன்னும் கவனமாக வைக்க வேண்டியவை. மேலே இருக்கும் படலம் பாலிவினைல் ஆல்கஹால், தண்ணீர் பட்டாலே கரையும். ஈரக் கையால் எடுத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பது சின்னத் தொல்லை. சின்னக் குழந்தை கண்ணுக்கு அது மிட்டாய் போலத் தெரிவதும், வாயில் போட்டுக் கடித்தவுடன் உள்ளே இருக்கும் அடர்த்தியான திரவம் தொண்டைக்குள்ளும் கண்ணிலும் பீய்ச்சி அடிப்பதும்தான் பெரிய ஆபத்து. அதன் சொந்த டப்பாவிலேயே, மூடி அழுத்தி, எட்டாத உயரத்தில், முடிந்தால் பூட்டுப் போட்ட அலமாரியில் வையுங்கள். ஜாடியில் போட்டுக் காட்சிக்கு வைக்கிற பொருளே இல்லை அது.

அடுத்தது, பிளீச்சுக்குப் பக்கத்தில் என்ன வைக்கிறோம் என்பது. சாதாரண திரவ பிளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். அதோடு அமிலம் சேர்ந்தால், அது வினிகராக இருந்தாலும் சரி, கழிப்பறை கழுவும் ஆசிடாக இருந்தாலும் சரி, குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த கிளீனர் சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு. “நாங்கள் எதையும் கலப்பதில்லையே” என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான், ஆனால் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பாட்டில்களின் மூடி கசிந்தால் அவை தாமாகவே கலந்துகொள்ளும், இரண்டையும் ஒரே மூடியால் அளந்து ஊற்றினாலும் அதேதான். பிளீச்சுக்கு ஒரு அலமாரி, ஆசிட் வகைக்கு வேறு இடம், பிளீச்சுக்கென்றே தனி அளவுக் கப். இதில் சமரசம் வேண்டாம்.

மலிவாகக் கிடைக்கிறதென்று பெரிய கேனில் பிளீச் வாங்குவதும் வீண்தான், ஏனென்றால் வெயிலும் சூடும் பட்டால் அது சீக்கிரமே வீரியம் இழக்கும், நிழலில் வைத்தாலும் மாதங்கள் போகப்போக வலு குறைந்துகொண்டே வரும். தண்ணீர் கலந்து வைத்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். ஆக்சிஜன் பிளீச்சைக் கரைத்து மூடிய ஸ்பிரே பாட்டிலில் வைக்கும் பழக்கமும் சிலருக்கு உண்டு. கரைந்தபின் அது ஆக்சிஜனை வெளியிட்டுக்கொண்டே இருக்கும், அழுத்தம் ஏறிப் பாட்டில் வெடிக்கலாம்.

சரி, ஈரத்துக்கு வருவோம். சோப்புத்தூள் டப்பாவைக் குழாய்க்குப் பக்கத்திலேயே வைத்து, ஈரக் கையோடு கரண்டியை எடுத்து, அப்படியே உள்ளே போட்டு, மூடியை அரைகுறையாக வைத்துவிட்டுப் போகிறோம். கொஞ்ச நாளில் மேலே ஓடு கட்டி, கரண்டி அதில் சிக்கிக்கொண்டு நிற்கும். இப்போதைய பல சோப்புத்தூள்களில் வியர்வை, ரத்தம் போன்ற கறைக்கு ஒரு நொதியும் எண்ணெய்க் கறைக்கு வேறொரு நொதியும் சேர்த்திருப்பார்கள், ஈரமும் சூடும் அவற்றைச் செயலிழக்க வைக்கும். கட்டியை உடைத்துப் போட்டாலும் பழைய வேகம் இருக்காது. கரண்டியை டப்பாவுக்கு வெளியே ஒரு கொக்கியில் மாட்டினால் இந்தப் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும்.

அழுக்குக்கூடையும் ஈரத்தால்தான் கெடுகிறது. மூடி போட்ட, காற்றுத் துளையே இல்லாத பிளாஸ்டிக் கூடைக்குள் நனைந்த துண்டைத் திணித்தால் மறுநாளே வாடை வரும், அது மற்ற துணிகளிலும் ஏறும். இந்த ஈர வாடைக்குக் காரணமான ஒரு பாக்டீரியாவை, மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்று பெயர், ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு 2012-ல் வெளியிட்டார்கள். துணி காய்ந்தாலும் அது எளிதில் சாவதில்லை. துவைத்துக் காயவைத்த துண்டு முகம் துடைத்து ஈரமானவுடனே மறுபடி நாறுகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். ஈரத் துணியை முதலில் ஒரு கம்பியில் விரித்துப் போட்டுக் காயவிடுங்கள், அப்புறம் கூடைக்குப் போகட்டும். துவைத்து முடித்த துணியை மெஷினுக்குள்ளேயே மணிக்கணக்கில் விட்டுவைப்பதும் அதே கதைதான். மெஷின் கதவையும் வேலை முடிந்ததும் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும், முன்பக்கக் கதவு மாடலில் ரப்பர் வளையத்தின் மடிப்பைத் துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அங்கே பூஞ்சை கறுப்பாகப் படியும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மட்டும், டிரம் காய்ந்ததும் கதவை மூடிவிடுங்கள்.

ஒரே பெரிய கூடை வைப்பதையும் நான் தவறு என்றே சொல்வேன். எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு, துவைக்கும் நாளில் தரையில் கொட்டிப் பிரிப்பதற்கு நேரமும் இருக்காது, பொறுமையும் இருக்காது, கடைசியில் சாயம் போகும் துணி வெள்ளையோடு சேர்ந்தே போகும். வெள்ளை, நிறம், கனத்த துணி என்று மூன்று சிறிய கூடைகள் இருந்தால் கழற்றிப் போடும்போதே பிரிந்துவிடும். கறை பட்டதற்குக் கூடையே வேண்டாம், சிங்குக்கு மேலே ஒரு கொக்கி போதும், கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ரத்தம், பால், முட்டை மாதிரியான கறையைக் குளிர்ந்த தண்ணீரில்தான் முதலில் அலச வேண்டும், சுடுதண்ணீரோ டிரையரோ பட்டால் அது இழையோடு இறுகிவிடும்.

மெஷினின் தலையை அலமாரியாக ஆக்காதீர்கள். பிழியும்போது பல மெஷின்களில் டிரம் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கும் மேல் சுழலும், அந்த அதிர்வில் மேலே இருக்கும் பாட்டில் ஓரத்துக்கு நகர்ந்து நகர்ந்து ஒருநாள் விழும். அதைவிட முக்கியம் தண்ணீர்க் குழாய். இடம் வீணாகிறதென்று மெஷினுக்குப் பக்கத்தில் ரேக்கைச் செருகி, தண்ணீரை மூடும் குழாய்த் திருகை அதன் பின்னால் மறைத்துவிடுகிறார்கள். ஹோஸ் பிய்த்துக்கொண்டால் முதலில் தேட வேண்டியது அந்தத் திருகைத்தான், ரேக்கை நகர்த்திக்கொண்டிருந்தால் அதற்குள் தரை முழுக்கத் தண்ணீர். கை நேராக எட்டும்படி அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், ஹோஸில் புடைப்போ வெடிப்போ தெரிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். டிரையர் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வடிகட்டியில் சேரும் பஞ்சை எடுத்துவிட வேண்டும், அது சட்டென்று தீப்பிடிக்கும்.

கடைசியாக, துவைக்கும் பொருளுக்கெல்லாம் இடம் ஒதுக்கிவிட்டு மடிப்பதற்கு இடம் விடாமல் போவது. காய்ந்த துணி நாற்காலியிலும் கட்டிலிலும் குவிவதற்குச் சோம்பல்தான் காரணம் என்று சொல்லிக்கொள்கிறோம், உண்மையில் பல வீடுகளில் ஒரு சட்டையை விரித்து மடிக்க ஒரு தட்டையான பரப்பே இருப்பதில்லை. சுவரில் மடக்கிவிடும்படி ஒரு பலகை மாட்டினால்கூடப் போதும். அதன் ஓரத்தில் ஜோடி தொலைந்த சாக்ஸுக்கும் பிய்ந்த பட்டனுக்கும் ஒரு கிண்ணம் வையுங்கள். அயர்ன் பாக்ஸ் முழுக்க ஆறும்வரை நிற்க வெறும் இடம் ஒன்றும், மடித்த துணிக்குத் தள்ளி, விட்டுவிடுங்கள்.